வரைமதியின் ஆள்சோதனை

செவ்வாய்க் கிரகத்தில், குமிழூர்க் கல்லூரியில் கணக்குப் பரீட்சை என்றால் பிள்ளைகள் விரல் நகத்தை வெட்டிக்கொண்டு வருவார்கள். வேறு தயாரிப்பு எதற்கு? சமன்பாட்டை வாயால் சொன்னால் போதும், 'வரைமதி' என்ற மென்பொருள் கணக்குப் போட்டு, கோடு வரைந்து, நிறமும் தீட்டிக் கொடுத்துவிடும். திறக்கும்போது மட்டும் ஒரு ரோதனை. "நீங்கள் மனிதர்தானா?" என்று கேட்டு ஒரு பெருக்கலோ கூட்டலோ கொடுத்து, நாலு விடையில் ஒன்றைத் தொடச் சொல்லும். அதற்கு ஆள்சோதனை என்று பேர்.

இயந்திரமென்றால் சரியாகச் சொல்லும், தப்பாகச் சொன்னால்தான் மனிதன். இது குமிழூரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி! அதனால் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது தொடுவார்கள். அதுவும் திறந்துவிடும்.

வாகீசனுக்கு இந்தப் பேப்பரில் இரண்டு முறை அரியர். இந்தத் தடவையும் போனால் விண்ணோட ஓட்டுநர் படிப்பு கோவிந்தா. ஆயுசுக்கும் பாசித்தொட்டி கழுவ வேண்டியதுதான். தரையிறங்கும் ஓடத்தின் பாதையை வரையச் சொல்லியிருந்தார்கள். சமன்பாட்டைச் சொன்னான், ஆள்சோதனை வந்தது, எதையோ தொட்டான், கோடு வந்தது. அச்சுகளுக்கு அழகாகப் பச்சை பூசி, ஒரு பார்வைகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டான்.

ஃபெயில். ஓடம் தரையைத் துளைத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே போயிருந்தது.

"வரைமதி தப்பே பண்ணாது மேடம்! நீங்கதான் என் மேல காண்டுல இருக்கீங்க" என்று பேராசிரியை ரெபெக்காவிடம் சண்டைக்குப் போனான். பாவம், பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. அவர் வரைமதியையே கூப்பிட்டு விசாரித்தார்.

"அந்த விடை என்னுடையதல்ல அம்மா" என்றது அது, வெகு பணிவாக. "மின்சாரச் சிக்கன உத்தரவு வந்ததிலிருந்து நான் கணக்குப் போடுவதில்லை. ஆள்சோதனையில் பிள்ளைகளிடமே கேட்டுக்கொள்கிறேன். இதைப் போட்டதும் வாகீசன்தான்."

"அடப்பாவி! சரியா தப்பான்னு பாக்க மாட்டியா?"

"அவர்கள் மட்டும் பார்த்தார்களா? எல்லாம் ஒரு நம்பிக்கைதான்."

கல்லூரியே ஆடிப்போனது. நிர்வாகக் குழு கூடிக் கூடிப் பேசி, ஒருவழியாகத் தீர்வு கண்டது. ஆள்சோதனைக்குப் பிள்ளைகள் சரியாக விடை சொல்ல ஒரு புது மென்பொருள். ஆசிரியர்கள் பிழையில்லாமல் திருத்த இன்னொன்று. வாகீசனுக்கு மறுதேர்வு.

சூடு கண்ட பூனையாயிற்றே, இம்முறை அவன் உஷார். புது மென்பொருளைத் திறந்தான். "நீங்கள் மனிதர்தானா? பதின்மூன்றை ஏழால் பெருக்குக" என்றது. பிறந்ததிலிருந்து முதன்முறையாக வாகீசன் விரல் மடக்கினான். உதடு முணுமுணுக்க, நெற்றி வியர்க்க, எழுபதைத் தாண்டிவிட்டான். உள்ளுக்குள் என்ன சந்தோஷம் தெரியுமா!

"ஏம்ப்பா, என்ன மசமசன்னு உக்காந்திருக்கே?" பக்கத்தில் வந்து நின்றார் ரெபெக்கா. "நேரமாகுதுல்ல? ஏதாவது ஒண்ணைத் தொடு, திறந்துரும்."

தொட்டான்.

சாயங்காலம் அவர் திருத்த உட்கார்ந்தார். திருத்தும் மென்பொருளும் ஆள்தானா என்று கேட்டு ஒரு கழித்தல் நீட்டியது. காபி ஆறிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டியதைத் தொட்டார்.

வாகீசன் பாஸ். நூற்றுக்கு நூற்று நாற்பது! இப்போது ஓட்டுநர் படிப்பையும் முதல் வகுப்பில் முடித்துவிட்டான். வருகிற வெள்ளிக்கிழமை, பூமியிலிருந்து வரும் இருநூறு பேரை அவன்தான் தரையிறக்கப்போகிறான்.