நான்கு அங்குலத் தேவதை

பேரரசுகள் எழுந்தன, விழுந்தன. மன்னர்கள் வந்தார்கள், போனார்கள். ஆனால் இங்கிலாந்தின் நெதர் விக்கம் கிராமத்துக் கிறிஸ்துமஸ் கண்காட்சியின் விதிப்புத்தகத்தில் மட்டும் தொண்ணூறு ஆண்டுகளாக ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. அதை யாரும் முழுதாகப் படித்ததில்லை என்பதுதான் காரணம்.

படிக்காமலேயே அதைக் காத்துவந்தவர் கண்காட்சிக் குழுவின் தலைவி, மிஸஸ் ஹாதர்லி. டிசம்பரின் முதல் சனிக்கிழமை வந்துவிட்டால், கழுத்தில் மூன்று வரி முத்துமாலையும் கக்கத்தில் அந்தப் புத்தகமுமாகக் கிராம மண்டபத்தில் வலம் வருவார். கேரட் வளைந்திருந்தாலும் சரி, கேக் சாய்ந்திருந்தாலும் சரி, ‘விதிப்படி இல்லை’ என்று அச்சிட்ட சிவப்பு அட்டையை அதன்மேல் வைப்பார். அட்டை வாங்கியது மேசைக்கு அடியில் போக வேண்டும்.

பத்து வயது ஐரிஸுக்கு மேசைக்கு அடி பழகிய இடம். அவள் செய்த தேவதைப் பொம்மைகள் இரண்டு ஆண்டுகளாக அங்கேதான் வளைந்த கேரட்டுகளுக்குத் துணையாகக் கிடந்தன. முதல் தடவை, இறக்கை பெரிது என்றார்கள். அடுத்த தடவை, பெயர்ச்சீட்டு இடப்பக்கம் இருக்கிறது என்றார்கள்.

இந்த ஆண்டு அப்படி நடக்கக் கூடாது. போட்டியில் வெல்லும் தேவதைதான் மண்டபத்துக் கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் மாதம் முழுக்க இருக்கும். ஊரே அண்ணாந்து பார்க்கும் அந்த இடத்துக்குத் தன் தேவதைதான் போக வேண்டும் என்று ஐரிஸ் அக்டோபரிலேயே முடிவுசெய்துவிட்டாள்.

ஒரு மரமணி தலையானது. பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி கையும் காலுமானது. அம்மாவின் பழைய தொப்பியில் இருந்த துணி ரோஜாவைப் பிரித்து, இதழ் இதழாக ஒட்டியதில் பாவாடை வந்தது. மஞ்சள் கம்பளிநூலில் முடி, லேஸ் துணியில் இறக்கை. தலையில் குல்லாவாக ஓக் மரக் கொட்டையின் மூடி.

உயரம் நான்கு அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஐரிஸ் மூன்று முறை அளந்தாள். குல்லாவோடு சேர்த்து மிகச் சரியாக நான்கு.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வரிசையில் நின்றாள். மிஸஸ் ஹாதர்லியிடம் ஓர் அளவுப்பெட்டி உண்டு. தேவதையை அதற்குள் நிறுத்தி மூடியைச் சாத்துவார். மூடினால் மேசைமேல், மூடாவிட்டால் அடியில். வெறும் மரப்பெட்டியை ஏந்திக்கொண்டு நின்றால் தலைவியின் மதிப்பு என்னாவது? அதனால் இந்த ஆண்டு பெட்டியின் அடியில் பச்சை வெல்வெட் மெத்தை ஒன்றைத் தைத்துப் போட்டு, ஓரத்தில் பொன்னிற நூலும் ஓட்டியிருந்தார். அரச கிரீடம் இருந்த பெட்டி என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

தேவதை உள்ளே போனது. மூடி மூடவில்லை.

“வீட்ல மூணு தடவை அளந்தேன், மிஸஸ் ஹாதர்லி. சரியா நாலு அங்குலம்தான் இருந்துச்சு.”

“வீட்டு நாலு அங்குலம் வேறம்மா. கண்காட்சி நாலு அங்குலம் வேற.”

சிவப்பு அட்டை வந்து விழுந்தது. அன்று காலை அது ஏழாவது அட்டை. மூடி ஒரே ஒரு தேவதைக்குத்தான் மூடியது. அது மிஸஸ் ஹாதர்லியின் அண்ணன் மகன் ரூபர்ட் கொண்டுவந்த தேவதை. துணி காயப்போடும் மரக்கிளிப்பில் செய்தது, பட்டு உடுத்தியது, மிடுக்காக நின்றது.

பத்து மணிக்கு நடுவர் வருவார். அதற்குள் சரிசெய்து காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள். ஐரிஸ் மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாள். குல்லாவைக் கழற்றிவிடலாமா? முடியாது. குல்லாவின் ஓரத்தில் மட்டும்தான் கம்பளிநூல் முடியை ஒட்டியிருந்தாள். கழற்றினால் தேவதைக்கு வழுக்கை. காலைக் கொஞ்சம் வெட்டலாமா? அதற்கு மனம் வரவில்லை.

தானும் முழங்காலை மடக்கித்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் ஐரிஸுக்கு உறைத்தது. தலையில் மேசை இடிக்கவே இல்லை.

கம்பிதானே! இரண்டு காலையும் மெதுவாக மடக்கினாள். தேவதை சமர்த்தாக உட்கார்ந்தது.

வெளியே வரப்போனவள் நின்றாள். பக்கத்தில் இன்னும் ஆறு தேவதைகள் கிடந்தன. மேசைக்கு அந்தப் பக்கம், அவற்றைச் செய்த ஆறு பேரின் ஷூக்கள் சோர்ந்துபோய் நின்றன. சொல்லிக்கொடுத்தால் போட்டிக்கு ஆறு பேர் கூடிவிடுவார்கள். சொல்லாவிட்டால் ரூபர்ட் ஒருவன்தான். ஐரிஸ் சற்று நேரம் யோசித்தாள். அந்த ஷூக்களில் ஒரு ஜோடியின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அது மழை இல்லை.

“எல்லாரும் குனிஞ்சு உள்ள வாங்க,” என்றாள். “காலை மடக்கணும், அவ்வளவுதான்.”

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஏழு தேவதைகளும் திரும்ப வரிசைக்கு வந்தன. மூடி ஏழு முறை மூடியது.

மிஸஸ் ஹாதர்லியின் முத்துமாலை ஏறி இறங்கியது. “தேவதைன்னா நிக்கணும்.”

“அது எந்தப் பக்கத்துல போட்டிருக்கு, மிஸஸ் ஹாதர்லி?” என்று ஐரிஸ் பணிவாகக் கேட்டாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் விதிப்புத்தகத்தைப் படிக்கத் தொடங்கினார். பன்னிரண்டாம் பக்கம் வருவதற்குள் மணி பத்து அடித்துவிட்டது.

நடுவர் மிஸ்டர் டக்வொர்த் பக்கத்து ஊர்த் தீயணைப்புக்காரர். வெல்லும் தேவதையை ஏணியில் ஏறி மர உச்சியில் வைப்பதும் அவர்தான். மேசையைப் பார்த்தார். ஏழு தேவதைகள் வட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதுபோல் இருந்தன. ரூபர்ட்டின் தேவதை மட்டும் வகுப்பில் தண்டனை வாங்கியதுபோல் நின்றுகொண்டிருந்தது.

“இந்தப் பட்டு இறக்கையை எப்படிப்பா தைச்ச?” என்று ரூபர்ட்டைக் கேட்டார்.

ரூபர்ட் நல்ல பையன். பொய் அவனுக்கு வராது. “அத்தையைத்தான் கேக்கணும், சார்.”

மண்டபத்தில் பலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

மிஸ்டர் டக்வொர்த் மற்ற ஏழு தேவதைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மரக்கிளையில் வைத்து உலுக்கிப் பார்த்தார். சில சாய்ந்தன, சில விழுந்தன. ஐரிஸின் தேவதை மட்டும் குதிரையேறியதுபோல் காலைப் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தது. ரோஜாப் பாவாடை கிளையை மறைத்து விரிந்தது.

“வருஷா வருஷம் நிக்கிற பொம்மையா குடுப்பாங்க. போன தடவை பாதிரியார் சூப்புல விழுந்துச்சு. இவ விழமாட்டா,” என்று ஏணியில் ஏறினார்.

உச்சியில் விளக்கு எரிந்தது. ஊரே அண்ணாந்து பார்த்தது. ஆறு பிள்ளைகளும் கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் ரூபர்ட். பிறகு ஐரிஸிடம் வந்து, அந்தக் கம்பி மிச்சம் இருக்கிறதா, அடுத்த ஆண்டு தானே செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டான். ஐரிஸ் பையிலிருந்து ஒரு கொத்தாக எடுத்துக் கொடுத்தாள்.

அவற்றை அளந்து பார்க்க ரூபர்ட் தன் பள்ளி அளவுகோலை எடுத்தான். அளக்கும் ஆசை அதோடு நிற்கவில்லை. எதிரே அளவுப்பெட்டி திறந்து கிடந்தது. முதலில் பெட்டியின் உள்ளுயரத்தை அளந்தான். மூன்றே முக்கால் அங்குலம். புருவத்தைச் சுருக்கினான். பிறகு அடியில் இருந்த பச்சை வெல்வெட் மெத்தையை வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்க அதன் தடிமனையும் அளந்தான்.

கால் அங்குலம்.