அத்தையின் நான்கு பட்டன்கள்

நீக்க வேண்டிய மென்பொருட்களின் பட்டியலில் நான்காவதாகப் ‘பேசும் துணை’ இருந்தது. அதை அவள் நான்கு மாதங்களுக்கு முன்பே தன் கையால் நீக்கியிருந்தாள்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மேலே வானிலை சொல்லும் பெட்டி, புகைப்பட ஆல்பம், என்றோ காலாவதியான வைரஸ் தடுப்பு. கீழே சீட்டுக்கட்டு விளையாட்டு, கம்பெனிக்காரனின் உதவியாளர், இன்னும் ஏதேதோ. எல்லாம் கம்ப்யூட்டர் வாங்கியபோதே கூட வந்தவை. விசேஷத்துக்கு வந்துவிட்டுக் கிளம்ப மனமில்லாமல் தங்கிவிட்ட உறவுக்காரர்கள் மாதிரி பத்து வருடமாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றைத் துரத்தினால் கிழட்டு மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடும், தன் தங்கை மகள் வைத்துப் படிக்கட்டும் என்பது கணவனின் யோசனை. தங்கையை பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துவரப் போயிருந்தான். ஆறு மணிக்கு வந்துவிடுவார்கள்.

‘பேசும் துணை’யைத் தேர்ந்தெடுத்து நீக்கு என்பதை அழுத்தினாள். உறுதியாக நீக்கவா என்று கேட்டது. ஆம். பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. மேசைக்குக் கீழே கம்ப்யூட்டர் பெட்டி, மரத்தை ராவுவதுபோல மெல்ல உறுமியது. பெயர் மறைந்தது. அப்டேட் ஏதாவது இழுத்து வந்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். மாமியாரின் காரியம் முடிந்த மறுவாரமே நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அறை மாமியாருடையது. ஜன்னலுக்கு வெளியே வானம் மூட்டமாக இருந்தது. கட்டிலை எடுத்துவிட்ட இடத்தில் தரை மட்டும் வெளிறியிருந்தது. டெட்டால் வாசனையும் தைல வாசனையும் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. எத்தனை முறை துடைத்தாலும் சாயங்காலமானால் அது திரும்ப வந்து அறையில் உட்கார்ந்துகொள்ளும்.

பக்கவாதம் அத்தையின் வலது பக்கத்தையும் பேச்சையும் ஒரே இரவில் கொண்டுபோய்விட்டது. அறிவை விட்டுவைத்தது. ‘பேசும் துணை’யைக் கண்டுபிடித்தவளே மருமகள்தான். சொந்தமெல்லாம் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கீபோர்டில் நான்கு எண்களின்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாள். ஒன்றை அழுத்தினால் ஸ்பீக்கர் ‘தண்ணி வேணும்’ என்று சொல்லும். இரண்டு, ‘பாத்ரூம் போகணும்’. மூன்று, ‘மூச்சு முட்டுது’. ஏற்ற இறக்கமில்லாத ஒரு பெண்குரல், பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி. நான்காவதை அத்தையே இடது கையால் எழுத்து எழுத்தாகத் தட்டிச் சேர்த்துக்கொண்டார். ‘சும்மாதான் கூப்பிட்டேன்.’

அந்த நான்காவதுதான் தேய்ந்தது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவளுக்கு அது எப்படியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஓடி வந்து பார்த்தால் அத்தை பாதி வாயால் சிரித்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு மேலதிகாரிகளோடு மீட்டிங்கில் அவள் பேசிக்கொண்டிருந்தபோது குரல் நடுவில் புகுந்தது. திரையில் ஆறு முகங்கள் சிரித்தன. அவள் மைக்கை அணைத்தாள், எழுந்து வந்தாள், அத்தையின் கண் முன்னாலேயே அந்த மென்பொருளை நீக்கினாள். ஸ்பீக்கரைத் திருகி அணைத்திருந்தால் போதும். அதை அத்தை மறுபடி திருகிவிடுவார் என்பதால்தான் வேரோடு பிடுங்கினாள். சாயங்காலம் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவையும் சாத்திவிட்டுப் போனாள்.

நாலரைக்குக் காபியோடு வந்தபோது விரல் விறைத்துப்போய் மூன்றின்மேல் இருந்தது. திரை முழுக்க 3. பக்கம் பக்கமாக 3. சேமிக்கவா என்று மெஷின் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகுதான் கணவனுக்குப் போன் செய்தாள்.

இப்போது போன் அடித்தது.

“பஸ் வந்துடுச்சு, கிளம்பிட்டோம்” என்றான் கணவன். “தங்கச்சி ஒண்ணு கேக்குறா. அந்தப் பேசுற சாஃப்ட்வேர் எப்படிக் கெட்டுப்போச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட காட்டணுமாம். எந்த நாள், எத்தனை மணிக்கு நின்னுச்சுன்னு எல்லாம் பாத்துச் சொல்லிடுவாராம்.”

“பழைய மெஷின்தானேங்க. தானாத்தான் போச்சு.”

“அதைத்தான் நானும் சொன்னேன். அவ மனசு கேக்கல. ஒண்ணையும் அழிக்காம வை, சரியா?”

போனை வைத்தாள். தெரிந்தால் அவன் கத்தமாட்டான். அடிக்கமாட்டான். அவளைப் பார்ப்பதை நிறுத்திவிடுவான், வாழ்நாள் முழுக்க. அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும்.

பட்டியலுக்குத் திரும்பினாள். ‘பேசும் துணை’ முதல் வரிசையில் இருந்தது. நிறுவிய நாள் என்ற இடத்தில் அத்தை போன தேதி. மற்ற எல்லா மென்பொருளையும் சேர்த்தாலும் வராத அளவு.

நீக்கு. ஆம். பச்சைக் கோடு பாதிவரை போனது, நின்றது, இடப்பக்கமாகத் திரும்பி வந்தது. இப்போது வரிசையில் வானிலை இல்லை, ஆல்பம் இல்லை. பதினோரு வரியிலும் அதே பெயர்.

கையை எடுத்துவிட்டாள். பெட்டியின் உறுமல் மாறியிருந்தது. இழுத்து, நிறுத்தி, இழுத்தது. சளி கட்டிய நெஞ்சு.

ஸ்பீக்கர் சொன்னது: “தண்ணி வேணும்.”

ஸ்பீக்கரின் ஒயர் பிளக்கில் இல்லை. அவள்தான் காலையில் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, மேசை ஓரத்தில் வைத்தாள்.

“தண்ணி வேணும்.”

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கால் பழகியிருந்தது. டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, சிந்திவிடாமல் இரண்டு கையாலும் ஏந்தி வந்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளிறிய தரையைப் பார்த்து, “மன்னிச்சிடுங்க அத்தை” என்றாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னாள். சொன்னதும் அழுகை வந்தது.

பெட்டி இழுத்தது. நிறுத்தியது.

“மூச்சு முட்டுது.”

“அத்தை, வேணாம்.”

“மூச்சு முட்டுது. மூச்சு முட்டுது. மூச்சு முட்டுது.”

குனிந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. உறுமல் அடங்கியது. மேசையில் டம்ளரில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

அறை அமைதி. அவளுடைய மூச்சு மட்டும். பிறகு அதற்குச் சற்றுப் பின்னால், இன்னொன்று.

வாசலில் மணி அடித்தது.

ஓடினாள். ஆட்களின் முகத்தைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. கதவைத் திறந்தாள். கணவன் கையில் பையோடு நின்றான். பின்னால் நாத்தனார், அழுது வீங்கிய கண்கள். அம்மா வீட்டு வாசலை மிதித்தாலே அவளுக்கு அப்படித்தான்.

“அண்ணி” என்றாள் நாத்தனார். “நான் சந்தேகப்பட்டுக் கேக்கல. அம்மா கூப்பிட்டாங்களா இல்லையான்னு தெரிஞ்சா போதும். ராத்திரி தூங்க முடியல.”

பதில் தயாராக இருந்தது. நான்கு மாதமாகச் சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆன பதில். தானாத்தான் போச்சு. வாயைத் திறந்தாள்.

நாக்கு அசைந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

உள்ளே, இருட்டிப்போன அறையிலிருந்து, ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரல் சொன்னது: “நான்தான் எடுத்தேன்.”

கணவன் அறைப் பக்கம் திரும்பினான். பிறகு அவள் வாயைப் பார்த்தான்.

“மீட்டிங் இருந்துச்சு. அத்தை பாத்துட்டே இருந்தாங்க. நான் கதவைச் சாத்தினேன்.”

ஒவ்வொரு சொல்லுக்கும் அவளுடைய உதடுகள் சரியாக அசைந்தன. நிறுத்தப் பார்த்தாள். பல்லைக் கடித்தாள். நாத்தனாரின் கையிலிருந்து பை நழுவியது.

“மூணை அழுத்திட்டே இருந்திருக்காங்க. ரெண்டு மணி நேரம். நான் அதை அழிச்சேன்.”

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். பலமாக, நகம் கன்னத்தில் பதிய அழுத்தினாள். உள்ளங்கைக்கு அடியில் உதடுகள் நிற்காமல் அசைந்தன. குரல் அடுத்த வரிக்குப் போனது.