ரோசலியின் உயிர்ச்சான்று

காசியம்மா ஒரே ஒரு காபி டம்ளரைத்தான் கொண்டுவந்து வைத்தாள். பத்து வருஷமாகப் புருஷன் பெண்டாட்டிக்குச் சமைத்துப்போட்டு, நாலு மணிக்கு இரண்டு வைக்கிறவள். ரோசலிக்கு அது உறுத்தியது. ஐப்பசி மழைச் சள்ளையில் மறந்திருப்பாள் என்று விட்டுவிட்டாள்.

கணவன் ஆத்ரியேன் போன வருஷம், எண்பத்தேழில், பாரீசிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரின் மெல்லிய இரைச்சலும், அதன் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும், முற்றத்து அண்டாவில் மழைநீர் சொட்டும் சத்தமும் அந்த அறைக்குள் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. பிரெஞ்சு பென்ஷன்காரர்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று வருஷாவருஷம் தர வேண்டிய உயிர்ச்சான்றை அச்சடிக்க எட்டு மாதம் உட்கார்ந்து புரோகிராம் எழுதியவள் ரோசலி. திரையில் ஒரு ஜன்னல், அதில் ஒரு பொத்தான், பொத்தானுக்குப் பின்னால் அவளுடைய கட்டளைத் துண்டு. அதைக் காட்டினால் அவளுக்குப் பாரீசில் வேலை என்று கடிதம் வந்திருந்தது.

துண்டுக்குள் ‘நான்’ என்று எழுதினால், அது எழுதப்பட்ட ஜன்னலைக் குறிக்கும். அதையே இன்னொரு ஜன்னலிடம் கொடுத்து ‘உன்னுடையதாக ஓட்டு’ என்றால், ‘நான்’ அந்த ஜன்னலாகிவிடும். ஆனால் எழுதிய இடத்தில் அவள் பெயரிட்டு வைத்த விவரமெல்லாம் துண்டோடு கூடவே போகும். இதை ஆத்ரியேனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். சோதனைக்கு அவள் வைத்ததும் தன் பெயரையும் அங்க அடையாளமான கழுத்து மச்சத்தையும்தான்.

இன்று திரையில் இரண்டாவது ஜன்னல் ஒன்று இருந்தது. தலைப்பில் ஆத்ரியேன் பெயர். உள்ளே அவளுடைய துண்டு.

“என்னங்க இது?”

“பாரீசுக்கு என் பேர்ல அனுப்பிட்டேன். நீ தனியா அங்க போயி என்ன பண்ணப் போற?” திரை முன் உட்கார்ந்திருந்த அவன் திரும்பவில்லை.

பக்கத்திலேயே உட்கார்ந்து, கெட்டிக்காரி கெட்டிக்காரி என்று சொல்லியே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டவன். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டான்.

அவன் பொத்தானை அழுத்தினான். பிரிண்டர் கரகரத்தது.

“சின்ன வயசுல போலகத்துல அத்தை வீட்டுக் கிணத்துல விழுந்தேன்,” என்றான் மெதுவாக. “யாருகிட்டயும் சொன்னதில்ல.”

விழுந்தது ரோசலி. அவனிடம்கூட அவள் சொன்னதில்லை.

காசியம்மா அறை வாசலில் வந்து நின்றாள். “ரோசலியம்மா, காபி ஆறிப்போச்சுங்களே. வேற போடட்டுங்களா?”

“நான் இங்க இருக்கேன், காசியம்மா,” என்றாள் ரோசலி.

காசியம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம். இதுவே போதும்,” என்றான் அவன். ரோசலியின் குரலில்.

டம்ளருக்காகத் திரும்பினான். கழுத்தில் மச்சம். இடப்பக்கம், அவளுடையது இருந்த அதே இடம்.

ரோசலி தன் கழுத்தைத் தடவினாள். இல்லை. வழுவழுப்பு. கத்தப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. விரல்கள் மேலே போயின. தாடை. அதற்கு மேலே உதடுகளைத் தேடின.

வெறும் தோல்.