எதிர் இலை

இளஞ்செழியன் தனி ஆளாகத்தான் போய் உட்கார்ந்தான். கடைக்கார அம்மாள் அவனுக்கு ஓர் இலை போட்டுவிட்டு, எதிரே ஆள் இல்லாத இடத்தில் இன்னோர் இலையும் போட்டாள்.

வேடசந்தூரில் மில் பஸ் ஆளை இறக்கிவிடும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது அந்தத் தகரக் கூரைக் கடை. இரவு முழுக்க மெஷின் இரைச்சலும் பஞ்சுத் தூசியுமாகக் கிடந்துவிட்டு வந்தவனுக்கு, இட்லிப் பானையின் மூடி மெல்லத் தடதடப்பதும், அடுப்பில் விறகு வெடிப்பதும், ஈர இலையின் பச்சை வாசமும் கல்யாண வீட்டு விடியலைப் போல இதமாக இருந்தன.

"நான் மட்டுந்தாங்க. கூட யாரும் வரல," என்றான்.

"இருக்கட்டும் அப்பு. நீங்க சாப்பிடுங்க," என்றாள் ஜக்கம்மாள். அந்தக் கடைக்கு முதலாளி, சமையல், பரிமாறல் எல்லாமே அவள்தான்.

மனைவி பானுப்ரியா காய்ச்சலில் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. அதிலிருந்து அவன் வீட்டு அடுப்பு காலையில் எரிவதில்லை. ஏழு வயது மகள் தமிழ்மதி இரவில் பக்கத்து வீட்டுக் குர்ஷித் பேகத்திடம் படுத்துக்கொள்வாள். காலையில் அவன் போய்த்தான் தலை சீவி, பன்னோ பிஸ்கட்டோ கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டும். அந்தப் பிள்ளைக்கென்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான்.

தக்காளிச் சட்னியைத் தொட்டு வாயில் வைத்தவன் மெல்லுவதற்கே மறந்துபோனான். பூண்டு ஒரு பல் கூடுதல். கடைசியில் ஒரு சிட்டிகை சர்க்கரை. பானு அரைக்கிற சட்னி அது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இனிமேல் தினமும் இங்கேயே வந்துவிட்டால் என்ன என்று நினைத்தான். நிமிர்ந்தபோது எதிர் இலையில் வைத்திருந்த இரண்டு இட்லியில் ஒன்றுதான் இருந்தது. ஜக்கம்மாள் எடுத்திருப்பாள் என்று அவனே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். தூக்கம் கெட்டவனுக்கு எந்தச் சமாதானமும் போதும்.

மறுநாள் போனான். அதற்கு மறுநாளும். நான்காம் நாள் சாம்பார் வாசத்தை மீறி மல்லிகைப்பூ வாசம் வந்தது. எதிர்ப் பக்கம் கண்ணாடி வளையல் மிக லேசாக உரசுகிற சத்தம். அவன் தலையைத் தூக்கவில்லை. பயம்தான். ஆனால் எழுந்து ஓடச் சொல்கிற பயம் இல்லை. தலையைத் தூக்கினால் பானு போய்விடுவாளோ என்கிற பயம்.

அவனுக்குக் காரணம் தெரியும். சுடுகாட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் "வாரேன்" என்று சொல்லக்கூடாது. எட்டு வருஷமாக நைட் ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் சொன்ன வாய். சிதையைப் பார்த்து, "போயிட்டு வாரேன் பானு," என்று சொல்லிவிட்டான். கூட வந்தவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். வாரேன் என்று சொன்னவனுக்காக அவள் காத்திருக்காமல் என்ன செய்வாள், பாவம்.

பக்கத்து பெஞ்சில் நாச்சிமுத்து. மூன்று வருஷமாக வருகிறவர். எலும்பும் தோலுமாக இருந்தார். இரண்டு கையும் மடியில் கிடக்க, அவர் முன்னால் இருந்த இலை தானாகக் காலியாகிக்கொண்டிருந்தது.

"எம் மகன்," என்றார் மெதுவாக. "மொதல்ல அவன் இலையில மட்டுந்தான் தின்னான்."

இளஞ்செழியன் தன் இலையைப் பார்த்தான். இரண்டாவது இட்லியின் ஓரம் பிய்ந்திருந்தது. அவன் பிய்க்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும்போது எட்டேமுக்கால். தமிழ்மதி பின்னாத தலையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட மணி அடித்து முடிந்திருந்தது.

"நீ மட்டும் சாப்டுட்டு வந்துட்டியாப்பா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பான். அவள் சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். செத்தவளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இருக்கிற பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறான். இனி அந்தக் கடைப் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்தான்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கிக் குனிந்த தலையோடு நடந்தான். ஜக்கம்மாள் வாசலில் நின்றாள்.

"இலை போட்டாச்சு அப்பு."

"இனிமே வரலைங்க. வீட்லயே சாப்பிட்டுக்கிறோம்."

"அவுக எங்க போய்ச் சாப்பிடுவாக?"

கடைசி வார்த்தையாக 'வாரேன்' மட்டும் வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு போனான்.

நாற்பது நாளுக்கும் மேலாகக் காலையில் எரியாத அடுப்பு அன்று எரிந்தது. கடையில் வாங்கிய மாவு, அவனே அரைத்த சட்னி. முதல் தோசை கருகியது, இரண்டாவது பிய்ந்தது, மூன்றாவது ஒருமாதிரி வட்டமாக வந்தது. தமிழ்மதி தட்டை வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தோசையை வைத்துவிட்டுக் கல்லுக்குத் திரும்பினான். திரும்பிப் பார்த்தபோது தட்டு காலி. பிள்ளைக்கு நல்ல பசி என்று மனம் குளிர்ந்தது. இன்னொன்று வைத்தான். காலி. இன்னொன்று. அதுவும் காலி.

"போதுமாடா?"

"பசிக்குதுப்பா."

ஆறாவது தோசை. குரல் கம்மியிருந்தது அவளுக்கு.

"ரொம்பப் பசிக்குதுப்பா."

கரண்டியைக் கீழே வைத்தான். மெல்லத் திரும்பினான்.

மல்லிகைப்பூ வாசம்.

பிள்ளையின் இரண்டு கையும் மடியில் இருந்தன. விரலில் எண்ணெய் இல்லை. ஈரம் இல்லை.

தட்டில் தோசை பிய்ந்தது. சின்னதாக. குழந்தைக்கு ஊட்டப் பிய்க்கிற அளவு. சட்னியில் தோய்ந்து, தரையிலிருந்து மெல்ல மேலே வந்தது. தமிழ்மதி கண்ணை மூடி வாயை அகலத் திறந்தாள். உதடுவரை வந்தது. நின்றது. அப்படியே பின்னால் திரும்பிப் போய், காற்றில் இல்லாமல் போனது.

அடுத்த துண்டு பிய்ந்தது.

வாயை மூடாமல் காத்திருந்தாள் பிள்ளை.