காலுக்குத் தெரியாத சூடு

வீரபாண்டி கருவேலங்காட்டுக்குள் டிராக்டரை நிறுத்தி இறங்கியபோது காலை பத்து மணிகூட ஆகவில்லை. திருச்சுழி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கண்மாயை ஒட்டிய அவனுடைய சொந்தப் புஞ்சை. இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் அவன் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. சுற்றிலும் முள் ஆளுயரம் வளர்ந்திருந்தது. பழைய கரிமூட்டம் எரிந்த வட்டத்துக்குள் மட்டும் ஒரு புல் முளைக்கவில்லை.

கூட வந்த மச்சினன் மருதுபாண்டி வேறு இடம் பார்க்கலாமே என்றான். மூட்டத்துக்கு ஈரமண் வேண்டும், தண்ணீர் இங்கேதான் இருக்கிறது என்று வீரபாண்டி அவன் வாயை அடைத்துவிட்டான். வருகிற வழியில் எம்.ரெட்டியபட்டி பஸ் ஸ்டாப்பில் சரஸ்வதி வழக்கம்போல் மறித்து, தன் மகளிடமிருந்து போன் வந்ததா என்று கேட்டிருந்தாள். திருப்பூரில்தான் எங்கேயாவது இருக்கும், வந்துவிடும் என்று இவனும் வழக்கம்போல் சொல்லியிருந்தான். பாவி, நாக்குக் கூசாமல் சொல்வான்.

அவள் மகள் நாகஜோதி எங்கும் போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வட்டத்தில் எரிந்த மூட்டத்தில் அவள் வேலை பார்த்தாள். விறகை அடுக்கி, தழை போட்டு, மேலே ஈரமண் பூசித் தீ வைத்த பிறகு, உள்ளே காற்றுப் புகாமல் பத்துப் பன்னிரண்டு நாள் காவல் காக்க வேண்டும். நாகஜோதி வெறுங்காலோடு மேலே ஏறி நடப்பாள். உள்ளங்காலில் சுள்ளென்று சுட்ட இடத்தில் மண் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே ஒரு கூடை ஈரமண்ணை அப்புவாள். ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது விளையாட்டாகக் கேட்டாள், கண்ணு, காது, மூக்கு, நாக்கு, உடம்பு, இந்த அஞ்சில் எது போனால் தாங்கவே மாட்டீர்கள் என்று. கண்ணுதான், அது போனால் ஆள் பிணந்தான் என்றான் வீரபாண்டி. அவள் சிரித்தாள்.

"எனக்குக் காலுல சூடு தெரியணும்ணே. அது போச்சுன்னா நாஞ் செத்தேன்."

மறுநாள் உச்சி வெயிலில், கால் பொறுக்கவில்லை, இறங்கிவிடுகிறேன் என்று மேலேயிருந்து சொன்னாள். லாரி வரப்போகிறது, இன்னும் நாலு கூடை போட்டுவிட்டு இறங்கு என்றான். இரண்டாவது கூடையில் மண் பிளந்தது. உள்ளே விழுந்தவள் அண்ணே என்று மூன்று தடவை கூப்பிட்டாள். ஏணி பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் அந்த ஓட்டை வழியாகக் காற்று இறங்கினால் மொத்த மூட்டமும் பற்றிச் சாம்பலாகிவிடும்.

வீரபாண்டி மண்வெட்டியை எடுத்தான்.

ஓட்டையை மூடினான்.

மூட்டத்தைப் பிரித்தபோது கிடைத்ததைக் கண்மாய்க் கரையில் புதைத்தான். அவள் திருப்பூர் பஸ் ஏறிவிட்டதாக ஊருக்குச் சொன்னான். ஊரும் நம்பியது. பெற்றவள் மட்டும் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது புது மூட்டத்துக்குத் தீ வைத்த முதல் நாளே அவனுக்கு நாக்குச் செத்துப்போனது. ஊறுகாயில் உப்புமில்லை, உறைப்புமில்லை. பச்சை மிளகாயை நறுக்கென்று கடித்தான். சக்கையாக இருந்தது.

இரண்டாம் நாள் மருதுபாண்டி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே ஏதாவது நாய் மாட்டிக்கொண்டதா, முடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கிறதே என்றான். வீரபாண்டி புகைக்கு நேரே முகத்தை வைத்து இழுத்தான். ஒரு வாடையும் இல்லை. சளி பிடித்திருக்கும், அருப்புக்கோட்டையில் டாக்டரைப் பார்த்தால் சரியாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கத்திக்கொண்டிருந்த மயில் பாதியில் நின்றது. காற்றும் நின்றது. எதிரே மருதுபாண்டியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, ஒரு சத்தமும் வரவில்லை.

காதோரமாக ஒரு குரல் மட்டும் கேட்டது.

"அண்ணே."

வீரபாண்டி சட்டென்று திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமில்லை.

"எங்கம்மாட்ட நீங்களே சொல்லிருங்கண்ணே. பஸ் ஸ்டாப்புலயே காத்துக் கெடக்கு."

சொல்லியிருக்கலாம். மச்சினன் எதிரேதான் நின்றான், ஒரு வார்த்தை போதும். வீரபாண்டி போலீஸை நினைத்தான், ஜெயிலை நினைத்தான், பெண்டாட்டி பிள்ளை முகத்தை நினைத்தான். செத்தவள் பேச்சை எவன் கேட்பான் என்று வாய்விட்டே சொன்னான். சொன்னது அவனுக்கே கேட்கவில்லை. போனது போகட்டும், கண் இருக்கிறதே என்று அன்று முழுக்க தன் கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டான்.

நாலாம் நாள் மருதுபாண்டி டிராக்டரில் ஈரமண் அள்ளக் கண்மாய்க்குப் போயிருந்தான். மூட்டத்தின் உச்சியில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. வீரபாண்டி கூடையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினான். மண் குளிர்ந்து கிடப்பதுபோல் இருந்தது. இன்றைக்குச் சூடே இல்லையே என்று சந்தோஷப்பட்டான்.

உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

ஏறிவந்த ஒவ்வொரு காலடியிலும் அவன் உள்ளங்கால் தோல் ஒட்டியிருந்தது.

தூரத்தில் மருதுபாண்டி டிராக்டரிலிருந்து குதித்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

மண் பிளந்தது.

உள்ளே விழுந்த பிறகுதான் அவள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாள். நாக்குக்குச் சாம்பல் தெரிந்தது. மூக்குக்கு முடி பொசுங்கும் நாற்றம் தெரிந்தது. காதுக்கு அவனுடைய அலறலே கேட்டது. உடம்புக்குச் சூடு தெரிந்தது. மேலே வட்டமாக வானம், அதன் விளிம்பில் கூடையோடு ஒருத்தி.

"கண்ணுதான் ஒசத்தின்னீகளேண்ணே. அதுல மட்டும் நான் கை வைக்கல. நல்லாப் பாத்துக்கங்க."

ஒரு கூடை மண் விழுந்தது. வானம் பாதியானது.

இரண்டாவது கூடையும் விழுந்தது.

மருதுபாண்டி வந்து பார்த்தபோது மூட்டத்தில் ஓட்டையே இல்லை. உச்சியில் புது ஈரமண் வழுவழுவென்று பூசியிருந்தது. அவன் டிராக்டரில் கொண்டுவந்த மண்ணில் இன்னும் ஒரு கூடைகூட இறக்கவில்லை.

அன்று சாயங்காலம் சரஸ்வதி பஸ் ஸ்டாப்பிலிருந்து எழுந்து வீட்டுக்கு நடந்தாள். என்னத்தா, மகளுக்குக் காத்திருக்கவில்லையா என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"வந்து சொல்லிட்டுத்தான் போறா" என்றாள்.

அவள் தோளில், யாரோ கைவைத்து அழுத்தியதுபோல், ஐந்து விரல் தடமாக ஈரமண் ஒட்டியிருந்தது.