செவலைக்குக் கரைத்த உப்பு

உள்ளங்கையில் ஒரு பிடி வைத்துக்கொண்டு சொல்கிறேன்: உப்பின் மேல் சத்தியமாக இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. உப்பின் மேல் பொய்ச்சத்தியம் செய்தவன் கண் அவிந்துபோகும் என்பார்கள். எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. கேளுங்கள்.

ஜான்ராஜ் வாத்தியார் அன்று காலை காபி டம்ளரோடு மீன்தொட்டிக்கு முன்னால் வந்து நின்றபோது, செவலையின் மேல் யாரோ உப்புத் தூவி வைத்திருந்தார்கள். அவருக்கு அப்படித்தான் தோன்றியது. ஆரஞ்சு நிற உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டைகள், கட்டைவிரல் நீளம். துடுப்பு, செவுள், வால் என்று எங்கே பார்த்தாலும் ரவையைவிடச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். புள்ளிகள் மீனின் மேல்தான் இருந்தன. மாடு மரத்தில் முதுகை உரசுவதுபோலச் செவலை ஒரு கல்லில் உடம்பை உரசியது. பிறகு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

எண்பத்தெட்டாம் வருஷத்துக் கோடை அது. மழை ஏமாற்றி ஏமாற்றி, ஏமாற்றுவதே அதற்கு வழக்கமாகியிருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி ரோடு வெளியேறும் இடத்தில், கருவேலங்காட்டைப் பார்த்த கடைசி வீடு வாத்தியாருடையது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், லீவு விட்டிருந்தார்கள். குடங்கள் எல்லாம் குழாயடியில் வரிசையாகக் காய்ந்துகிடக்கும் தெருவில், ஒரு மீனுக்காகக் கடல்தண்ணீர் வரவழைத்தவர் அவர் ஒருவர்தான். அதுவும் மனைவி ஜெயக்கொடிக்காக.

கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தையில்லை. இனிமேலும் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் தம்பி ஆஸ்டின் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவன். அக்காவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று இந்த மீனை ஒரு கேனில் கொண்டுவந்து விட்டான். நிறத்தைப் பார்த்துக் கன்றுக்குட்டிக்கு வைப்பதுபோலச் செவலை என்று பேர் வைத்தாள் ஜெயக்கொடி. அந்த வருஷமே அவளுக்கு வயிற்றில் தங்கியது. அவளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். பேறுகாலத்துக்குத் தூத்துக்குடித் தாய்வீடு போகப் பஸ் ஏறும்போது, படியில் நின்றுகொண்டு அவள் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“செவலையப் பாத்துக்கோங்க. அது நல்லாருந்தா நானும் நல்லாருப்பேன்.” பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாக ஏனோ வானத்தைப் பார்த்துவிட்டு, “மழை வந்தா ஒடனே எனக்கு ஒரு கார்டு போடுங்க” என்றாள்.

மழைக்கும் பேறுகாலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதற்குள் பஸ் போய்விட்டது.

கடல்தண்ணீர் கொண்டுவருகிறவன் லாரி டிரைவர் காளிராஜ். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு லோடு போகும்போது, இரண்டு கேன் தண்ணீரைப் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இறக்கிவைப்பான். “வாத்தியாரே, இப்படிக் கொஞ்சங் கொஞ்சமா எறக்குனா அங்கிட்டுக் கடல் கொறஞ்சு போகுதாம். மீன்பிடிக்கிறவுக சண்டைக்கு வாராக” என்பான். அந்தக் காளிராஜும் இப்போது வரவில்லை. லாரி ஸ்டிரைக்.

தொட்டித் தண்ணீர் வெயிலில் வற்றிப் பாசி வாடை அடித்தது. பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிசு ஊற்றினால் புள்ளிநோய் போகும் என்று ஆஸ்டின் சொல்லியிருந்தான். கடல்தண்ணீர் கிடைக்காவிட்டால்? அதற்கும் வழி சொல்லியிருந்தான். “கல்லுப்பக் கரைச்சு ஊத்துங்கத்தான். நாக்குல வச்சுப் பாருங்க. கண்ணீர் மாதிரி கரிச்சாப் பத்தாது. கடல் மாதிரி கரிக்கணும்.”

கல்லுப்புக்கு எங்கே போவது? உப்பும் லாரியில்தான் வரவேண்டும். மாங்காய் ஊறுகாய் போடுகிற மாசம் வேறு. கடை கடையாகச் சைக்கிளில் அலைந்து, வெறும் சாக்கோடு திரும்பி வந்தார். செவலை அடியில் சாய்ந்துகிடந்தது. ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைந்தது.

அப்போதுதான் அவருக்கு இருளப்பசாமி ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் பின்னால், கருவேலங்காட்டுக்குள், ஒரு நட்ட கல், அதன் முன்னால் ஒரு மேடை. உடம்புக்கு ஒன்று வந்தால் சுற்றுவட்டாரத்தில் ஒரு பிடி கல்லுப்பை அங்கே கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். மழை பெய்து உப்புக் கரையக் கரைய நோயும் கரையும் என்பது நம்பிக்கை. மழைதான் பெய்யவில்லையே. வருஷக்கணக்கில் கொட்டிய உப்பு கரையாமல் இறுகி, புற்றுப்போல முழங்காலுயரம் வளர்ந்து நின்றது.

அவர் சர்ச்சுக்குப் போகிறவர். கல்லுக்கு முன்னால் கொட்டினால் என்ன, கடைக்கு முன்னால் கொட்டினால் என்ன, உப்பு உப்புதான். உச்சிவெயிலில் போனார். காற்று அசையவில்லை, கருவேலங்காய்கள் கிலுகிலுக்கவில்லை, கடப்பாரை உப்பில் இறங்கும்போது மட்டும் காய்ந்த இருமல்போல ஒரு சத்தம் வந்தது. உடைத்த இடத்திலிருந்து உப்புவாடை வரவில்லை, தைலமும் பழைய கட்டுத்துணியும் வெகுநாள் சன்னல் திறக்காத அறையும் கலந்த ஒரு வாடை வந்தது. ஒரு குருணை விடாமல் வழித்துச் சாக்கில் கட்டி, சைக்கிளில் ஏற்றினார். திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்ற வழக்கம் எடுப்பவருக்கும் உண்டா என்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்தார். கல் மட்டும் நின்றது.

அண்டாவில் கரைத்து நாக்கில் வைத்தார். கடல் மாதிரிதான் கரித்தது. கடைசியில் லேசாக, வேறு யாரோ வாயில் வைத்திருந்த தெர்மாமீட்டரின் ருசி.

புதுத் தண்ணீர் பட்டதும் செவலை துள்ளியது. புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து மணலில் படிந்தன. அவர் அண்டாவைத் தட்டித் தாளம் போட்டார். தண்ணீர் வற்ற வற்றக் கரைத்து ஊற்றினார். சாக்கு இளைத்தது. ஒரு காலையில் சாக்கைத் தலைகீழாக உதறிக் கடைசிக் குருணையையும் போட்டார். செவலை தவிட்டு உருண்டையைப் பாய்ந்து பிடித்தது. ஜெயக்கொடி வந்தால் பார்த்துச் சிரிப்பாள்.

அன்றுதான் செவலையின் உதட்டோரம் ஒரு மரு இருந்ததைப் பார்த்தார்.

மரு மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் அதன் இடக்கண்ணில் பால்போல ஒரு படலம். அதற்கடுத்து விலாவில் ஒரு புண், ஓரம் கருத்து, நடுவில் ஈரமாக. காற்றுக்குழாயிலிருந்து குமிழ் வரும் சத்தம் மாறியிருந்தது. முன்பெல்லாம் களகளவென்று வரும். இப்போது இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. இழுப்புக்காரன் தூங்கும்போது அப்படித்தான் கேட்கும். அவர் மோட்டாரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். சத்தம் இருமியது.

தங்கத்தாய் பால் ஊற்ற வந்தபோது வாசலிலேயே ஆடிக்கொண்டு வந்தாள். தெருவுக்கெல்லாம் பால் கொடுப்பவள். எருமைகளைவிட அவள் குரல் பெரியது.

“வாத்தியாரய்யா, எங் கையப் பாருங்க! பத்து வருசத்து மரு, ராத்திரியோட ராத்திரியா உதுந்து போச்சு.”

“நல்லது” என்றார்.

“எனக்கு மட்டுமா? முத்துராமலிங்கம் அண்ணன் காலுப்புண்ணு ஆறிருச்சு. நல்லகண்ணு தாத்தாவுக்குக் கண்ணு தெரியுது. தெரிஞ்ச கண்ண வச்சுக்கிட்டுப் பேரனோட பீடியத் திருடுறாரு. எல்லாம் இருளப்பசாமிதேன். மழைக்குக் காத்திருந்து பாத்துட்டுச் சாமியே எல்லா உப்பையும் கரைச்சுக் குடிச்சிருச்சு. அங்கன ஒரு பொட்டு இல்ல.”

அவர் செம்பை நீட்டியபடியே தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே குழாய் இழுத்தது. நின்றது. இழுத்தது.

தங்கத்தாயின் முகம் மெல்ல மாறியது. பாலை ஊற்றாமல் நின்றாள்.

“ஆனா ஒங்க வீட்டம்மாவ நெனச்சாத்தேன் பயமாருக்கு.”

“அவளுக்கென்ன?”

“அவுகளும் கொட்டுனாக. நாந்தேன் கூட்டிட்டுப் போனேன். ஒங்ககிட்டச் சொல்லப்படாதுன்னு கையடிச்சு வாங்குனாக. தை மாசம். வயிறு கல்லா இருக்கு, புள்ளதேன் இல்லைன்னுட்டாகளே, இது கட்டிதேன்னு அழுதாக. வயித்துல உள்ளது கரையணும் சாமின்னு சொல்லிக் கொட்டிட்டு வந்தோம். அப்பறமாத்தான அது புள்ளன்னு தெரிஞ்சது.”

“தங்கத்தாயி.”

“குடுத்தத திருப்பி எடுக்கப்படாதுல்லய்யா. ஊரே மழைக்கு அழுவுது, அவுக ஒருத்தி, ‘நாம் பெத்து வாரவரைக்கும் பெய்யக்கூடாது தங்கத்தாயி’ன்னு தெனம் வானத்தப் பாத்து அழுதாக.” அவள் குரல் இறங்கியது. “மழை பெய்யலையே. யாரு கரைச்சா?”

அவர் கதவைச் சாத்தினார்.

சாக்கைப் பிடுங்கி உதறினார். தூசி. அண்டாவைக் கவிழ்த்தார். ஈரம். கரைத்தது அத்தனையும் அந்தத் தொட்டிக்குள் இருந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஊரின் இருமலும் புண்ணும் புரையும், அவற்றோடு ஒரு பிடி. அவருடைய வீட்டு ஒரு பிடி.

திரும்ப உப்பாக்கிவிடலாம்! அந்த யோசனை வந்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. தொட்டித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார். கொதிக்கும் தளத்தில் ஊற்றினார். சீறியது, சுருங்கியது, ஓரத்திலிருந்து வெள்ளையாகப் பூத்தது. டிராயிங் ஸ்கேலால் சுரண்டினார். இரண்டாவது குடம். மூன்றாவது குடம் மொள்ளக் கீழே வந்தபோது தொட்டியில் பாதிதான் தண்ணீர் இருந்தது. செவலை பக்கவாட்டில் விழுந்து வாயைப் பிளந்தது.

அதன் வயிறு வீங்கியிருந்தது.

கோலிக்குண்டு அளவு. அவர் பார்க்கப் பார்க்க எலுமிச்சை அளவு. தோல் கண்ணாடித்தாளாக மெலிந்து, உள்ளே ஏதோ புரண்டது.

சுரண்டிய உப்பை எடுத்து வந்து மறுபடி கரைத்தார். வேறென்ன செய்வது. அவருக்குத் தெரியவில்லை. குடத்தைக் கவிழ்க்கும்போது தண்ணீர் பால்போலக் கலங்கியது. செவலையைக் காணவில்லை. கலங்கலுக்குள், மணலுக்கு மேலே, ஒரு கோடு தெரிந்தது. பெரிய தலை, வளைந்த முதுகு, மடங்கிய முழங்கால். பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரைந்துவிடலாம்.

அதன் மேல் ஒரு ஆரஞ்சு நிறம். குறுக்கே வெள்ளைப் பட்டைகள்.

அது மூச்சு விட்டது. குழாய் இழுத்தால் அதுவும் இழுத்தது. குழாய் நின்றால் அதுவும் நின்றது.

கரண்ட் போனது.

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. தெரு ரேடியோ அடங்கியது. குமிழ் நின்றது. கோடும் நின்றது.

“வேண்டாம்” என்றார். யாரிடம் என்று தெரியவில்லை. கரண்ட் போகும்போதெல்லாம் செய்கிற வேலைதான் அது, கை தானாகச் செய்தது. சைக்கிள் பம்பை எடுத்தது. குழாயைச் சொருகியது. அடித்தது. புஸ். ஒரு குமிழ். புஸ். முதுகு அசைந்தது. புஸ். மூச்சு.

நிறுத்திப் பார்த்தார். அதுவும் நின்றது.

அடித்தார்.

வெளியே சைக்கிள் மணி. கேட்டைத் தட்டும் சத்தம். “வாத்தியாரய்யா! தந்தி! தூத்துக்குடித் தந்தி!”

அவரால் எழ முடியாது. எழுந்தால் நின்றுவிடும். பிள்ளை பிறந்திருக்கலாம். பிறக்காமல் போயிருக்கலாம். போய் வாங்கிப் பிரித்துப் படித்து வர எவ்வளவு நேரமாகும்? அவ்வளவு நேரம் இதற்கு யார் மூச்சு விடுவது?

“சார்! உள்ள இருக்கீகளா?”

புஸ். புஸ்.

“தந்திய உள்ள தள்ளிட்டுப் போறேன் சார்!”

கதவடியில் காகிதம் நுழைந்தது. மடித்தபடி கிடந்தது. அவருக்கு எட்டாத தூரம். உள்ளங்கையில் தோல் கிழிந்து பம்புப்பிடி வழுக்கியது. ஜன்னல் வெயில் நகரவில்லை. தெருவில் தூரத்தில் தங்கத்தாய் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள், ஊரே சுகமாக இருந்தது. கலங்கல் மெதுவாகத் தெளிந்தது. அவர் பார்க்க விரும்பவில்லை. பார்த்தார்.

கண்ணாடியின் உட்பக்கம், அவர் முகத்துக்கு நேராக, ஒரு சின்ன உள்ளங்கை வந்து ஒட்டியது. ஐந்து விரல். நடுவே மெல்லிய சவ்வு. அவர் முகத்தை விலக்கினார். அதுவும் அந்தப் பக்கமே நகர்ந்து ஒட்டியது. அதற்கு மேலே, ஜெயக்கொடியின் வாய், காற்றுக்காகத் திறந்து திறந்து மூடியது.

அவர் அடித்துக்கொண்டே இருந்தார்.

ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் தடுத்ததிலிருந்து எங்கள் வீட்டில் உப்பே வாங்குவதில்லை. நான் உள்ளங்கையில் வைத்திருந்தது சீனி.