இரண்டாம் வருடம் என்று சொன்னவள்

பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் காடு. இலையெல்லாம் உதிர்ந்து, கிளைகளுக்கிடையே வானம் தெரியும் பழைய காடு. வாரம் முழுக்கத் தையல் கடையில் குனிந்தே கிடந்த கழுத்தை நிமிர்த்தத்தான் அவள் ஞாயிறுதோறும் அங்கே வருவாள். அன்றும் ஒரு பெரிய மரத்தில் ஆசையாகச் சாய்ந்தாள்...

"பெயின்ட் காயலைங்க."

கையில் பிரஷ்ஷோடு ஒருவன். மரங்களைக் கணக்கெடுத்து எண் போடுகிறவனாம். அவளே தைத்த புதுச் சட்டையின் முதுகில் இருநூற்றுப் பன்னிரண்டு, அச்சடித்த மாதிரி.

"ஒரு போர்டு வச்சா என்ன?"

"மரத்துல வந்து சாயுற சொந்தக்காரங்க இருக்காங்கன்னு தெரியாம போச்சு."

அவன் கண்களும் சேர்ந்து சிரித்தன... திட்ட வாய் திறந்தவளும் சிரித்துவிட்டாள்.

அடுத்த மூன்று ஞாயிறும் இருவரும் சருகு மிதித்து நடந்தார்கள். எந்த மரம் முதலில் துளிர்க்கும் என்று அவன் சொன்னான். என்ன படிக்கிறீர்கள் என்றும் கேட்டான். பட்டம் வாங்கியவனிடம் உண்மையைச் சொல்ல வெட்கம். பெண்கள் கல்லூரி, இரண்டாம் வருடம் என்று நாக்கு முந்திக்கொண்டது. அதன்பின் அவன் அன்பாகப் பேசப் பேச உள்ளே சுருக்கென்றது. இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் வாரம் மனசு கேட்கவில்லை. போனால், அவன் பெயின்ட் டப்பாக்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். கணக்கெடுப்பு முடிந்ததாம், நாளை வேறு காட்டுக்குப் போகிறானாம். மழை வந்தது. மொட்டை மரத்தடியில் ஒதுங்க இடமேது? குடையை அவளிடம் நீட்டிவிட்டு அவன் நனைந்தான்.

இப்போது விட்டால் எப்போதும் இல்லை...

"நான் சொன்னது பொய். ஒன்பதாவதோட நின்னுட்டேன். தையல் கடையில வேலை பாக்குறேன்."

அவள் நிமிரவில்லை. அவன் காலணி நுனியில் விழும் துளிகளையே பார்த்தாள்.

"அப்ப, அந்தக் காலேஜ் வாசல்ல ரெண்டு வாரமா சாயங்காலம் நான் நின்னது?" வாட்ச்மேன் போலீஸைக் கூப்பிடப் போனாராம்.

"எதுக்கு நின்னீங்க?" அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"உங்களைப் பாக்காம இருக்க முடியல."

சட்டைக் கையைப் பிடித்து அவனைக் குடைக்குள் இழுத்தாள்.

"கடை மார்க்கெட் தெருவுல இருக்கு. ஆறு மணிக்கு மூடுவாங்க."

"புதுக் காட்டுலேருந்து பஸ்ல மூணு மணி நேரம். கடை வாசல்லயும் வாட்ச்மேன் இருக்காரா?"

"இல்ல..." குரல் மழையோடு கலந்தது. "வாசல்ல நான் நிப்பேன்."